அரசி கெர்ட்ரூட் குற்றவாளியா?



ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' பற்றிப் பேசுவோர் அரசி கெர்ட்ரூடை 'காமத்தால் அறிவிழந்தவள்' என்னும் ஒரே தொடரில் ஒதுக்கிவிடுகின்றனர். கணவன் மறைந்து இரு திங்கள் நிறையுமுன் அவன் தம்பி கிளாடியசை மணந்தவளை வேறெப்படிச் சொல்வது என்பது அவர்தம் வாதம். இப்பழியைச் சுமத்துவோர் யாவர்? மகன் ஹாம்லெட்டும் தந்தையின் ஆவியும். இருவருமே அவள்மீது சினங்கொண்டவர்கள். மாணவர்க்கு இந்நாடகத்தை அறிமுகப்படுத்துவோர் "இதைச் சொல்வது யார்?" என்னும் வினாவை முதலில் எழுப்புதல் நலம்.

அவள் தன் நெஞ்சைத் திறக்கும் இடம் ஒன்றே. நான்கு வரிகளில் தன் குற்றத்தை எண்ணித் தனக்குள் நடுங்குகிறாள். எக்குற்றம் என்று சொல்வதில்லை. கொலையை அவள் அறிந்திருந்தாள் என்பதற்கு அது சான்றாகாது. மகன் அவளது அறையில் கொலைப்பேச்சை எடுத்தபோது திகைத்து அச்சொற்களையே திருப்பிக் கேட்கிறாள். 1603ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலோ, கொலை பற்றித் தான் ஏதும் அறியேன் என ஆணையிட்டு, மகனுக்குத் துணைநிற்கவும் இசைகிறாள். 1604-05 பதிப்பில் இத்தெளிவு இல்லை.

அவ்வாறெனில் அவசர மணம் ஏன்? 1957இல் கரோலின் ஹெயில்பிரன் எழுதிய கட்டுரை, அவள் சுருங்கப் பேசும் தெளிந்த அறிவினள் என நிறுவியது. ஆயினும் இச்சையே அவளை இயக்கிற்று என்பதை அது மறுக்கவில்லை. நான் வேறுபடுவது இங்கேதான். நாடகத்தில் வரும் டென்மார்க்கில் அரசன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். மகனுக்கு அரியணை தானாக வந்து சேராது. இழந்த நிலத்தை மீட்க நார்வேயின் ஃபோர்டின்பிராஸ் படை திரட்டுகிறான். இந்நிலையில் கிளாடியஸ் அவைமுன் ஹாம்லெட்டையே தன் அடுத்த உரிமையாளன் என அறிவிக்கிறான். மகனின் நாளைய முடியைக் காக்கவே அவள் இம்மணத்துக்கு இசைந்திருக்கலாம். இஃது என் ஊகமே; எனினும் காமம் என்பதும் ஊகந்தானே!

பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்தன்' எனத் தமிழ் மேடைக்குத் தந்த கதையும் இதுவே. தாயைப் பழிப்பது நம் செவிக்கு இன்னும் கடுமையாகவே ஒலிக்கும்.

அறைக் காட்சிக்குப் பிறகு அவள் செய்வதைப் பாருங்கள். மகனின் பித்து வெறும் நடிப்பென்று அறிந்தும், கணவனிடம் அவன் பித்தன் என்றே சொல்கிறாள். ஆனால் கலகக் கூட்டத்தோடு லேயர்டெஸ் புகும்போது அதே கணவனைக் காக்க முன்நிற்கிறாள். ஒரு பக்கம் சாய்ந்தவளின் செயலா இது?

இறுதியில் நச்சுக் கிண்ணம். லாரன்ஸ் ஒலிவியரின் 1948ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவள் ஐயமுற்றே அதைப் பருகுகிறாள். மூலத்தில் அதற்குச் சான்றில்லை. "பருகாதே" என்று கணவன் தடுக்கிறான். அவளோ பொறுத்தருளும்படி கேட்டுவிட்டுப் பருகுகிறாள். பின்னர் மகனின் முகத்தைத் துடைக்க அழைக்கிறாள். கணவன் அவள் குருதி கண்டு மயங்கினாள் என்று மழுப்ப, பானந்தான் நஞ்சு என மகனுக்கு உரைத்தே உயிர்விடுகிறாள்.