ஓசியில் வாழ்ந்தது யார்?

விடுதி மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றபோது ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஓசியில படிக்கிறவங்களுக்கு மொதல்ல போடுங்கப்பா." நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க உதவித்தொகை வரவில்லை என்பதையும் சொல்லவில்லை. அறைக்கு வந்து கென்ட்ரிக் லாமரின் 'ஃபார் ஃப்ரீ?' பாடலைப் போட்டேன். தலைப்பிலேயே கேள்விக்குறி இருக்கிறது: 'இலவசமாகவா?'

2015 மார்ச்சில் வெளியான 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' ஆல்பத்தின் இரண்டாவது பாடல் அது. இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஹிப் ஹாப் என்றால் நாம் எதிர்பார்க்கிற, ஒரே சீராகத் திரும்ப வரும் பீட் அதில் இல்லை. ராபர்ட் கிளாஸ்பரின் பியானோவும் டெரஸ் மார்ட்டினின் சாக்ஸபோனும் ஜாஸ் வேகத்தில் பாய்கின்றன. லாமர் தாளத்தின் மேல் உட்காராமல் முன்னே ஓடுகிறார், பின்தங்குகிறார், மூச்சு வாங்காமல் கொட்டுகிறார். இந்தக் கதைக்கு ஜாஸைத் தேர்ந்தது அலங்காரத்துக்காக அல்ல. ஜாஸை உருவாக்கியவர்கள் கறுப்பர்கள். அதைப் பதிவு செய்து விற்று லாபம் பார்த்த முதலாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

பாடல் ஒரு பெண்ணின் வசையோடு தொடங்குகிறது. நீ எதற்கும் லாயக்கில்லாதவன், எனக்கு எதுவும் வாங்கித் தரவில்லை என்கிறாள். அவன் பதிலடி கொடுக்கிறான். முடிவை நெருங்கும்போதுதான் அவள் யார் என்று புரிகிறது: அவள் அமெரிக்கா. பருத்தி பறித்து உன்னைச் செல்வந்தராக்கியதே நான்தான், என்னையா ஓசி என்கிறாய் என்பதுதான் அவன் வாதம். ஜோ வெயிலும் லாமரின் 'தி லிட்டில் ஹோமீஸ்' இணையும் இயக்கிய வீடியோவில் ஒரு மாளிகை வருகிறது. அங்கே அந்தப் பெண் கத்த, லாமர் திடீர் திடீரென முளைக்கிறார்; அமெரிக்க அரசின் உருவமான அங்கிள் சாம் வேடத்திலும் வருகிறார். அந்த மாளிகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி, இதை யார் உழைப்பில் கட்டினார்கள் என்பதுதான்.

பாடலில் அவன் கேட்பது 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும். 1865 ஜனவரி 16 அன்று தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணை, தென்கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலையான கறுப்பர்களுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, நிலத்தைப் பழைய ஆண்டைகளிடமே சேர்த்தார். பஞ்சமி நிலம் பற்றி அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1892இல் ஒதுக்கப்பட்ட நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தைப் பறித்தவர்களை யாரும் ஓசி என்பதில்லை. பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள் உதவித்தொகையில் படித்தால் மட்டும் அந்தச் சொல் வந்துவிடுகிறது.

ஆனாலும் இந்தப் பாடலை இனி முழு மனதோடு கொண்டாட என்னால் முடியாது. சுரண்டும் அமெரிக்காவுக்கு உருவம் தேடிய லாமர், பேராசை பிடித்த ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலைத்தான் எடுத்துக்கொண்டார். பல்லவியோ ஆண்குறி இலவசமில்லை என்கிறது. அடிமை முறையில் ஆணின் உடலும் ஆண்டையின் சொத்துதான். அந்த வலி உண்மை. ஆனால் 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளை தாயைப் போலவே அடிமை என்றது. தகப்பன் ஆண்டையாகவே இருந்தாலும் அப்படித்தான். வயலில் அவள் உழைப்பும் இலவசம், அவள் கருப்பையும் இலவசம். கணக்கு கேட்க வேண்டிய முதல் ஆளைக் கடன்காரியாக நிறுத்திவிட்டது பாடல்.

அது உருவகம்தானே தோழர் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உருவகம்தான். ஆனால் அந்த உருவகத்துக்கு யாருடைய முகம் கைக்கு எட்டுகிறது என்பதில் அரசியல் இருக்கிறது. நம் மேடைகளிலும் துரோகத்தைச் சொல்லப் பெண்ணைத்தானே கூப்பிடுகிறோம்? பாடல் நமக்குப் பிடித்தது என்பதால் அதன் தவறு நமக்கு உறவாகிவிடாது.

மெஸ்ஸில் அன்று நான் சொல்லாத பதில் இன்று தெரியும். ஓசியில் வாழ்ந்தது நாங்கள் அல்ல. அதைச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் முனைவர் பட்டம் வரை வர, என் அம்மா வயலில் பாதிக் கூலிக்கும் வீட்டில் கூலியே இல்லாமலும் உழைத்தார். அந்தக் கணக்கை நான் கேட்க வேண்டிய இடம் அமெரிக்கா அல்ல, என் வீடு.