மோட்டார்க் கொட்டகையும் பக்கத்து வீட்டுச் சுவரும்

வீட்டுக்கு ஒரு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தால், அதற்கு ஒரு கூரை வேண்டுமென்ற ஆசையும் கூடவே வந்து சேருகிறது. வெயிலிலும் மழையிலும் வண்டி நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? வாசலிலோ இடமில்லை, கொல்லைக்கோ வண்டி போக வழியில்லை. எஞ்சியிருப்பது வீட்டின் பக்கவாட்டுச் சந்து ஒன்றுதான். அங்கே கொட்டகை போட்டால் பக்கத்து வீட்டாருக்கு என்ன நஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். அவரோ முகத்தைச் சுளிக்கிறார். உடனே, "நமக்கு வண்டி வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவருடைய ஆட்சேபத்துக்குப் பொறாமையைத் தவிர வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதே இந்த வாரம் நாம் சொல்ல விரும்பும் விஷயம்.

முதலில் மழைத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள கூரை சிறியதுதான். ஆனால் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மீது விழும் தண்ணீர் 1,800 லிட்டர். ஏறக்குறைய 120 குடம்! 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் பெய்ததுபோல் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தாலோ, அதே கூரையிலிருந்து 8,800 லிட்டருக்கு மேல் வடியும். கூரையை அடுத்த மனைப் பக்கம் சாய்த்துவிட்டால் அவ்வளவும் அயலார் சுவரின் அடியில்தான் இறங்கும். சுவர் ஓதம் காத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால், அவர் யாரை நொந்துகொள்வார்?

தண்ணீரைவிடப் பெரிய கவலை சட்டத்தில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, ஒருவர் பிறர் நிலத்தின்மேல் ஒரு வசதியை 20 வருஷம் பகிரங்கமாக, சமாதானமாக, இடையூறின்றி, உரிமை போலவே அநுபவித்து வந்தால் அது பாத்தியதையாகவே ஆகிவிடக்கூடும். இன்று கூரைத் தண்ணீர் சொட்டும்போது, "போனால் போகிறது" என்று வாய் திறவாதிருப்பவர், 20 வருஷத்துக்குப்பின் அதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆகவே, ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்கிறவர் துஷ்டர் அல்லர். தம் பிள்ளைகளின் சொத்தைக் காக்கிறவர். இதே சட்டம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உண்டு. அவருடைய பழைய ஜன்னலை நம் கொட்டகைச் சுவர் அடைத்தால், வழக்குக்கு அவர் பக்கம் நியாயம் இருக்கலாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத சங்கதி ஒன்று. அஸ்திவாரத்தின் அடிப்பாகம் மேலே எழும் சுவரைவிட அகலமானது. சுவரைச் சரியாக எல்லைக் கோட்டின்மேல் எழுப்பினால், மண்ணுக்குள்ளே அஸ்திவாரம் அயலார் நிலத்தில் புகுந்துவிடும். பழைய வீட்டை ஒட்டிப் பள்ளம் தோண்டினாலோ, அந்த வீட்டைத் தாங்கும் மண்ணே சரியலாம். 20 வருஷமாக நிற்கும் வீட்டுக்கு அந்தத் தாங்குதலைக் கோரும் பாத்தியதையும் ஏற்பட்டிருக்கக்கூடும்.

இதற்கெல்லாம் பரிகாரம் என்ன? மண்வெட்டியை எடுக்குமுன் பத்திரத்தையும் புலப்பட நகலையும் எடுத்துப் பாருங்கள். எல்லைக் கல் தெரியவில்லையானால், சர்வேயரைக் கொண்டு இருவர் முன்னிலையிலும் அளந்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகள், வீட்டைச் சுற்றி விடவேண்டிய காலி இடத்தை நிர்ணயிக்கின்றன. நம் மனைக்கு எவ்வளவு என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து அனுமதி பெறுவது அவசியம். ஆனால் வரைபடத்துக்கு அனுமதி கிடைத்ததனாலேயே எல்லை தீர்மானமாகிவிட்டதென்று எண்ணவேண்டாம். அது வேறு, இது வேறு. கூரையை நம் பக்கமே சாய்த்துத் தூம்பு வைத்து, தண்ணீரை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் விட்டால் நம் கிணற்றுக்கும் லாபம்.

அயலாரின் இணக்கம் தேவைப்படும் காரியமானால், அவர் வீட்டுக்கு நேரில் சென்று வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், "இது அனுமதியினால் மட்டும் அநுபவிக்கப்படுகிறது; பாத்தியதையாக அல்ல" என்று கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதிக்கொண்டால் 20 வருஷக் கணக்கு அவருக்கு விரோதமாக ஓடாது. கொடுத்தவருக்கு நிம்மதி, பெற்றவருக்குக் கொட்டகை. அனுமதி கொடுப்பவரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதை நம்பி மற்றவர் நிரந்தரமான கட்டடம் எழுப்பிப் பணமும் செலவழித்துவிட்டால், 60-வது பிரிவின்படி அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. ஆகையால் எதற்கு இணங்குகிறோம், எதற்கு இல்லை என்பதைத் தெளிவாக எழுதுவது இருவருக்கும் நல்லது.

இவ்வளவும் செய்தபின் ஓர் அடி இடம் குறைவாகக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வண்டியைச் சற்று ஒடித்துத் திருப்பவேண்டியிருக்கும், அவ்வளவுதான். நமக்குத் திடீரென்று உடம்புக்கு ஆகாமல் போனால் நடுநிசியில் முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடி வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கதவு நமக்குத் திறந்திருப்பதற்கு ஓர் அடி நிலம் அதிக விலையல்ல.