வளர்ப்பு இல்லமும் தாய்மொழியும்

பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது கூரை. அடுத்து வேண்டியது குடும்பம். மருத்துவம் கற்க டப்ளினிலிருந்து வந்த தோமஸ் பர்னார்டோ, 1870ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனின் ஸ்ரெப்னியில் ஆதரவற்ற சிறுவருக்கென ஓர் இல்லம் அமைத்தார். அவர் பெயரால் இயங்கும் தொண்டு நிறுவனம் அத்தகைய பெரும் அநாதை இல்லங்களை இன்று நடத்துவதில்லை. பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கின்றது.

பிள்ளைக்கு இடம் தேடும்போது அதன் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றையும் கருத்திற் கொள்ளுமாறு 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகளைப் பணிக்கின்றது. தமிழ் வீடுகள் முன்வராவிடின் அச்சட்டம் தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வாறு உதவும்? அன்பு நிறைந்த வேற்றுமொழி வீட்டில் வளரும் குழந்தையும், பெற்ற தாயைக் காணச் செல்லும் நாளில் பேச மொழியின்றி நிற்க நேரிடும்.

வளர்ப்புப் பெற்றோராவதற்குச் சொந்த வீடோ உயர்பதவியோ தேவையில்லை. பொதுவாகப் பிள்ளைக்கென ஓர் அறை வேண்டும். விசாரணைகளையும் பயிற்சியையும் ஏற்கும் பொறுமை வேண்டும். செலவுக்கு உதவித்தொகை உண்டு. ஊரார் என்ன சொல்வரோ என்ற தயக்கமே எம்மிற் பலரைத் தடுக்கின்றது.

வார இறுதியில் சில மணி நேரமே நாம் இங்கு தமிழ் கற்பிக்கின்றோம். நாள்தோறும் தமிழ் ஒலிக்கும் தம் வீட்டை ஒரு பிள்ளைக்குத் திறந்துவிடுவோர், எம்மினும் பெரிய ஆசிரியர் ஆவர்.