தார் போடாத சாலை வேண்டும்!

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால் திருமழிசை வருகிறது. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இது. ஊரை ஒட்டியே பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது.

அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பின்னால் லாரி உறுமும். பக்கத்தில் பஸ் உரசுவது போல் வரும். சைக்கிள்காரர் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒதுங்குவார். அங்கே மணல் கிடக்கும். சக்கரம் சறுக்கும்.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்கார் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். வீடு தூரம் என்பதற்காகப் படிப்பை நிறுத்திய பெண்கள் எத்தனை பேர்! அந்தக் கவலை குறைந்தது. சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை ஓட்டுவதற்குப் பாதை எங்கே?

பாதை இருக்கிறது! நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் போதும். இந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அந்தப் பக்கம் நேமம் ஏரி. இடையில் வயலுக்குப் போகும் மண் பாதைகள், வாய்க்கால் ஓரத்துப் பாதைகள், பனைமர வரிசையை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதைகள் இன்னும் இருக்கின்றன. எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி.

அவற்றில் சிலவற்றையாவது தார் போடாமல் விட வேண்டும். சரளை கொட்டிக் கெட்டிப்படுத்திச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என்றே ஒதுக்க வேண்டும்.

"எல்லோரும் தார் ரோடு கேட்கிறார்கள். இவர் மண் ரோடு கேட்கிறாரே!" என்று சிரிக்காதீர்கள். இத்தாலியில் சிலர் இதையேதான் கேட்டார்கள்.

92 பேர்

இத்தாலி தேசத்தில் டஸ்கனி என்று ஒரு மாநிலம். அதில் கியாந்தி என்பது குன்றுகள் நிறைந்த பகுதி. எங்கே பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். திராட்சை மதுவுக்குப் பெயர் போன இடம். (மது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நாம் பார்க்கப் போவது சாலையை!)

தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைக் கல் பரப்பிய சாலைகள் உண்டு. "வெள்ளைச் சாலைகள்" என்றே அவற்றுக்குப் பெயர். காலம் மாறியது. ஒவ்வொரு சாலையாகத் தார் ஏறியது.

ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் மறியல் செய்யவில்லை. 1997-ல், கயோலே என்ற சிற்றூரில் 92 பேரைச் சேர்த்தார். பழைய காலத்துச் சைக்கிளில் அந்தச் சரளைச் சாலைகளைச் சுற்றி வந்தார்கள். அதற்கு "எரோய்க்கா" என்று பெயர். வீரம் செறிந்தது என்று பொருள்.

அடுத்த ஆண்டும் வந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். இப்போது அக்டோபர் மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். 1987-க்குப் பிந்திய மாடல் சைக்கிளுக்கு இடம் இல்லை. மிக நீண்ட சுற்று 209 கிலோமீட்டர். வழியில் பசித்தால் ரொட்டியும் சூப்பும் தருவார்கள். ஊர்க்காரர்களுக்கு வியாபாரம். தோட்டக்காரருக்கு வாடிக்கை.

சுற்றும் வழி முழுவதும் நிரந்தரமாக வழிகாட்டிப் பலகை நட்டார்கள். தார் போட வேண்டிய சாலையாக இருந்தது, காப்பாற்ற வேண்டிய சொத்தாக மாறியது. 2007 முதல் தொழில்முறை வீரர்களும் அந்த வெள்ளைச் சாலைகளில் பந்தயம் ஓட்டுகிறார்கள். 2022-ல் இன்னொரு திராட்சை நாடான வெனெட்டோவில், சரளைச் சாலைக்கு என்றே முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. வெறும் கிராவல் ரோட்டுக்கு உலகப் போட்டி!

ஒன்றரை அங்குலம்

சரளையில் ஓட்ட என்றே தனிச் சைக்கிள் விற்கிறது. லட்ச ரூபாய்க்கு மேலும் விலை உண்டு. அதில் அப்படி என்ன விசேஷம்?

முக்கியமான விசேஷம் டயர்தான். பந்தயச் சைக்கிளின் டயர் ஒல்லி. காற்றைக் கல் போல் அடைத்திருப்பார்கள். கூழாங்கல்லில் ஏறினால் துள்ளும். சரளைச் சைக்கிளின் டயர் அகலம். சுமார் ஒன்றரை அங்குலம். காற்றும் குறைவாகத்தான் அடைப்பார்கள். கல் வந்தால் டயர் அமுங்கிக் கொடுத்து அதன் மேல் ஏறி இறங்கும். ஓட்டுகிறவரின் முதுகு பிழைக்கும்.

இப்போது நம் ஊர்ப் பால்காரரின் கறுப்புச் சைக்கிளைப் பாருங்கள். டயரின் ஓரத்தில் 28 × 1½ என்று அச்சடித்திருக்கும். அதே ஒன்றரை அங்குலம்! வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அந்தச் சைக்கிள் அலுங்காமல் போனதற்குக் காரணம் அதுதான். வெள்ளைக்காரர் லட்சம் கொடுத்து வாங்குவதை நம் பாட்டனார் கேரியரில் புல்லுக்கட்டு வைத்து ஓட்டினார்.

அந்தச் சைக்கிளை வாங்க வெளிநாட்டுக்கும் போக வேண்டியதில்லை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி, திருமழிசைக்கு அதிகத் தூரம் இல்லாத அம்பத்தூரில்தான் தொழிற்சாலை வைத்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களைக் கேட்காத வீடு உண்டா?

பன்னீர் திராட்சை நாடு

"சைக்கிள் இருக்கிறது, சரி. மலையடிவாரத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் இத்தாலிக்கா போவது?" என்று கேட்கலாம். தேனி மாவட்டத்துக்குப் போனால் போதும். கம்பம் பள்ளத்தாக்கு அங்கே இருக்கிறது.

இரண்டு பக்கமும் மலை. ஒரு பக்கம் ஏலமலை. மறுபக்கம் மேகமலை. 1895-ல் பென்னிகுயிக் துரை பெரியாற்றில் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீர் இறங்கி வரும் பள்ளத்தாக்கு இது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி. இந்த ஊர்களின் பக்கம் போனால் தலைக்கு மேல் பந்தல். பந்தலில் கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்த கொடி இது என்பார்கள். வேறு இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை பழம். கம்பத்தில் வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மண் பாதைதான். கியாந்தியில் இருப்பது எல்லாம் கம்பத்திலும் இருக்கிறது. கொடி, மலை, சரளை, சுருளி அருவி! ஆனால் வருகிறவர் காரில் வருகிறார். தோட்டத்து வாசலில் இறங்கி ஒரு போட்டோ எடுக்கிறார். போய்விடுகிறார்.

சைக்கிளில் வருகிறவருக்குத் தாகம் எடுக்கும். இளைப்பாற நிழல் வேண்டும். தோட்டத்திலேயே இரண்டு கிலோ பழம் வாங்குவார். விவசாயிக்குக் கையில் காசு. எதிர்பாராத மழையில் பழம் வெடித்தால் நஷ்டப்படுகிறவர் அவர். அவருக்கு இந்தச் சில்லறை வியாபாரம் சின்ன விஷயம் அல்ல. போகிறவர்களும் ஒழுங்காகப் போக வேண்டும். கேட்காமல் பந்தலுக்குள் நுழையக் கூடாது. மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

2023 ஜூனில் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேர் ரெயில் விட்டார்கள். அது தேனி வழியாகப் போகிறது. சைக்கிளைப் பார்சலில் போட்டுக் கொண்டு போகலாம். தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர்.

சேறும் சகதியுமா?

தார் ரோடு கேட்கும் கிராமத்தார் தப்பாகக் கேட்கவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பஸ் வர வேண்டும். விளைந்ததைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும். ஊரையும் ஊரையும் சேர்க்கும் சாலைக்குத் தார் கட்டாயம் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

நான் சொல்வது மற்ற பாதைகளை. தோட்டத்துப் பாதை, வாய்க்கால் பாதை, குளத்துப் பாதை. இவற்றில் தார் போட்டால் முதலில் மோட்டார் சைக்கிள் வரும். பிறகு மண் லாரி வரும். சைக்கிள் மறுபடியும் ஓரத்துக்குப் போகும்.

மண் பாதை என்றால் சேறு என்று நினைக்க வேண்டாம். செம்மண் சரளை கொட்டி, நடுவைச் சற்று மேடாக்கி, ரோலர் ஓட்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் வடியக் கால் வெட்டினால் சரளை மழைக்குத் தாங்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அந்த வேலை உள்ளூர்க்காரருக்குக் கூலி.

புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட ஏறி ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக் கொண்டு ஓட்டினார்கள். அவர்கள் யாரும் வழவழப்பான சாலைக்காகக் காத்திருக்கவில்லை. லாரி வந்து மோதாத பாதையாக இருந்தது. அது போதுமாக இருந்தது.

திருமழிசையில் சீக்கிரம் செய்ய வேண்டும். தொழிற்பேட்டை வந்து நாளாயிற்று. 2011-ல் துணை நகரம் அறிவித்தார்கள். 2020 மே மாதத்தில், கொரோனா சமயத்தில், கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டையே இங்கே கொண்டு வந்து வைத்தார்கள். குத்தம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் எழும்பியது. வயல் மனையாகிறது. வரைபடம் போடும்போது வரப்புப் பாதையை யாரும் வரைவதில்லை.

ஏரிக் கரை என்றால் பாதுகாப்பும் உண்டு. நீர்வளத் துறைக்காரர்கள் வேண்டாம் என்கிற இடத்தை விட்டு விடலாம். மற்ற இடங்களில் பேரூராட்சி ஒரு காரியம் செய்யலாம். எந்தப் பாதையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று பிளஸ் 1 மாணவர்களையே கேட்டு எழுதி வாங்கலாம். அந்தப் பாதைகளின் இரு முனையிலும் கார் நுழையாதபடி கல் நடலாம். எட்டு அடி அகலம் இருந்தால் எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் தாராளமாகப் போகும்.