எட்மண்டின் கட்டைவிரல்
கல்யாணப் பந்தியின் முடிவில் வெனிலா ஐஸ்கிரீம் வரும்போதெல்லாம் எனக்கு எட்மண்ட் ஆல்பியஸின் நினைவு வந்துவிடுகிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வெனிலாக் கொடி ரீயூனியன் தீவில் பூத்ததே தவிர, காய்க்கவில்லை. 1841-இல் அங்கே அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட், பூவுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைச் சிறு குச்சியால் விலக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடியில் அழுத்திக் காட்டினான்; கொடி காய்த்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை! பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும்; இன்றும் மடகாஸ்கர் தோட்டங்களில் ஒவ்வொரு பூவாகக் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள், அதே விரலசைவு. தீவின் தோட்ட முதலாளிகள் கொழித்தார்கள். 1848-இல் விடுதலை பெற்ற எட்மண்ட் 1880-இல் வறுமையில் இறந்துபோனார். இடையில் ஒரு தாவரவியலாளர் இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரியதுதான் எனக்கு ஆறவே இல்லை. எட்மண்டுடையதுதான் என்று கடிதம் எழுதி வாதாடியவர், அவருடைய பழைய எஜமானர்.