ரசிகன் என்றொரு நோயாளி

சில மாதங்களுக்கு முன் மதுரையில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், நான் மதிக்கிற விமர்சக நண்பர் ஒருவர் சொன்னார்: "ஆட்டிசம் ஒரு அடையாளம், ஒரு கலாச்சாரம் என்றெல்லாம் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அதையும் சினிமாவை வைத்துக்கொண்டு, சீரியலை வைத்துக்கொண்டு கொண்டாடுகிறார்கள். குறையைக் கொண்டாடுவது ஒரு அபத்தம். வியாபாரக் கலையின் மூலம் கொண்டாடுவது இரட்டை அபத்தம்." இருந்தது பன்னிரண்டு பேர். பதினொரு பேர் தலையாட்டினார்கள். இந்த இரண்டு அபத்தங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதுதான் இங்கு என் காரியம்.

1

முதலில் சொல். ஆட்டிசம் என்ற சொல்லை மனநோய் மருத்துவத்துக்குத் தந்தவர் ஸ்விட்சர்லாந்தின் ப்ளாய்லர். அதைக் குழந்தைகளுக்குப் பொருத்தி, பதினொரு குழந்தைகளைப் பற்றி லியோ கானர் எழுதியது 1943-இல். அடுத்த வருஷம் வியன்னாவில் ஆஸ்பெர்கர் எழுதினார். 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். நம் அரசாங்கக் காகிதங்களில் இதற்கு ஒரு தமிழ் இருக்கிறது: 'புற உலகச் சிந்தனையற்றோர்.' ஒரு மனிதனை இவ்வளவு முழுமையாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய சொற்றொடர் நம் நிர்வாகத் தமிழில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

என் அண்ணன் மகனுக்கு இருபத்திரண்டு வயது. திருவாதவூரில் எங்களோடுதான் இருக்கிறான். அவனும் இந்தச் சொற்றொடருக்குள் அடைக்கப்பட்டவன். 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றின் வருஷம், இயக்குநர், பாடியவர், எந்தப் பாட்டை யார் எழுதியது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மேலூரிலிருந்து எந்த நேரத்துக்கு எந்த பஸ், எந்த பஸ்ஸில் ஒலிபெருக்கி கரகரக்கும் என்பது தெரியும். திருமறைநாதர் கோயில் மணி ஒரு நாள் பிந்தினால் ஊரில் முதலில் கவனிப்பவன் அவன். இது புற உலகம் இல்லையென்றால் எது புற உலகம்? எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதா? பதில் தேவைப்படாத அந்தக் கேள்வியை அவன் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம். அதனால் சிந்தனை நம்மிடம் இருக்கிறது.

2012-இல் டேமியன் மில்ட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உடையவர், ஒரு விஷயத்தைச் சொன்னார். புரிந்துகொள்ள முடியாமை இரு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய்ப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மிக எளிய விஷயம். சாதி, மொழி, வர்க்கம் என்று எத்தனையோ தளங்களில் நாம் ஒப்புக்கொண்ட விஷயம்தான். இந்த ஒரு தளத்துக்கு வந்ததும் நம் முற்போக்குப் பிரக்ஞை டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று நான் எழுதப் போவதில்லை. தமிழில் நல்ல விகுதி ஒன்று இருக்கிறது. மதுரைக்காரர், பாட்டுக்காரர், வீட்டுக்காரர். மதுரையால் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டிசக்காரர் என்றே எழுதுகிறேன்.

2

ஆட்டிசக் குழந்தைகளில் பலர், கேட்ட வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். எதிரொலிப் பேச்சு என்று இதற்குப் பெயர். ஒரு பயிற்சி நிலையத்தில் என் அண்ணன் மகனுக்கு இதை 'நிறுத்த' இரண்டு வருஷம் பாடுபட்டார்கள். வடிவேலு வசனம் சொன்னால் பிஸ்கட் கிடையாது. சொந்த வாக்கியம் சொன்னால் பிஸ்கட் உண்டு. பயம் வந்தால் ஒரு வசனம், பசித்தால் ஒரு வசனம், யாராவது ஏமாற்றினால் இன்னொரு வசனம் என்று அவன் ஒரு அகராதியே வைத்திருந்தான். அகராதி பறிபோயிற்று. "தண்ணீர் வேண்டும்" என்ற சொந்த வாக்கியம் மிஞ்சியது.

இப்போது தமிழ்நாட்டைப் பாருங்கள். வடிவேலு மதுரைக்காரர். பதினைந்து வருஷங்களாக ஒரு சமூகமே அவர் முகத்தாலும் வசனத்தாலும் பேசிக்கொண்டிருக்கிறது. தேர்தல் தோல்விக்கு வடிவேலு, சம்பளம் வராததற்கு வடிவேலு, காதல் முறிவுக்கு வடிவேலு. 2019 மே மாதக் கடைசியில், 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் பிரார்த்தனை செய்தார்கள். யாரும் அவர்களைப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போகவில்லை. நகைச்சுவை உணர்வு என்றார்கள், தமிழனின் சாதுரியம் என்றார்கள். ஒரு ஆட்டிசக்காரன் இதையே, இன்னும் கச்சிதமாக, இன்னும் பொருத்தமாகச் செய்தால் அறிகுறி.

அமெரிக்காவில் ஓவன் சஸ்கிண்ட் என்ற பையன் மூன்று வயது வாக்கில் பேச்சை இழந்தான். டிஸ்னி கார்ட்டூன் படங்களின் வசனங்களை வைத்தே உலகோடு பேசுகிறான் என்பதை வீட்டார் மெள்ளக் கண்டுகொண்டார்கள். அவர்களும் அந்தப் பாத்திரங்களின் குரலில் அவனோடு பேசத் தொடங்கினார்கள். தகப்பனார் ரான் சஸ்கிண்ட் எழுதிய புத்தகம் 2014-இல் வந்தது, ஆவணப்படம் 2016-இல். அதில் என்னைத் தொட்டது, குடும்பத்தார் அவன் மொழியைக் கற்றுக்கொள்ளப் போனார்கள் என்பது. வளர்ந்தபின் ஓவன் தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து ஒரு டிஸ்னி சங்கம் வைத்தான். கதாநாயகர்களை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் துணைப் பாத்திரங்களே தன் இனம் என்று கண்டுகொண்டான். இதை விமர்சனம் என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது? நம் பத்திரிகைகளில் வருகிற சினிமா விமர்சனங்களில் இந்த அளவு வாசிப்பு எத்தனைக்கு உண்டு?

3

திருவாதவூர் என்றதும் எல்லோருக்கும் மாணிக்கவாசகர் நினைவு வரும். கபிலரும் இவ்வூர்க்காரர் என்பது மரபு. குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்களைக் கபிலர் சொல்லிக்கொண்டே போகிறார். தொண்ணூற்றொன்பது பூ. கதை நிற்கிறது, காதல் காத்திருக்கிறது, பூவின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டாயிரம் வருஷமாக இதை அழகு என்று சொல்லி வருகிறோம். ஐந்தாவது பூவில் ஒரு பயிற்சியாளர் குறுக்கிட்டு, "போதும், வேறு விஷயம் பேசலாம்" என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உடனே ஒரு நண்பர், "அப்படியானால் கபிலருக்கு ஆட்டிசம் என்கிறீரா?" என்று துள்ளுவார். இல்லை. அந்தச் சல்லித்தனத்துக்கு நான் தயாரில்லை. ராமானுஜனுக்கு, ஐன்ஸ்டீனுக்கு, நியூட்டனுக்கு என்று செத்தவர்களுக்கெல்லாம் சர்டிபிகேட் வழங்கும் ஒரு தொழில் மேல்நாட்டில் ஜோராக நடக்கிறது. 2015-இல் ஸ்டீவ் சில்பர்மேன் எழுதிய புத்தகம்கூட இந்த ஆசைக்கு ஆட்பட்டதுதான். மேதைகளைக் காட்டித்தான் ஒரு ஜனத்தின் இருப்பை நியாயப்படுத்த வேண்டும் என்றால் அந்த நியாயமே வேண்டாம். நான் சொல்வது வேறு. ஒன்றில் ஆழ்ந்து, அதன் உறுப்புகளை ஒன்றுவிடாமல் பெயர் சொல்லி அழைப்பதில் ஒரு அன்பு இருக்கிறது. அந்த அன்பைத் தமிழ் மரபு அறியும். பூவின் பெயர்களை அறிந்த மரபு, படங்களின் வருஷங்களைக் கேட்டதும் முகம் சுளிப்பானேன்? பூ உயர்ந்தது, சினிமா தாழ்ந்தது என்பதாலா? அதுதான் காரணமென்றால் அதை நேராகச் சொல்லுங்கள். மருத்துவத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

4

சரி, சினிமா ஆட்டிசக்காரரை எப்படிப் பார்த்தது? 2013-இல் 'ஹரிதாஸ்' வந்தது. மூன்று தீபாவளி கண்ட 1944-இன் பாகவதர் படமல்ல; குமாரவேலன் இயக்கியது. கிஷோர் என்கவுன்டர் போலீஸ்காரர், மகன் ஆட்டிசக்காரன். கண்ணியமான படம்தான், பாட்டும் கூத்துமாகக் கேவலப்படுத்தவில்லை. ஆனால் கடைசியில் பையன் ஓட வேண்டியிருக்கிறது, ஓடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2005-இன் கொரியப் படம் 'மாரத்தான்' ஓடிய அதே ஓட்டம். சாதித்தால் மகன். சாதிக்காவிட்டால்? அந்தக் கேள்வியைப் படம் கேட்பதில்லை. இந்தியில் 2010-இல் 'மை நேம் இஸ் கான்' தேசத்தின் மனசாட்சியாகவே ஒரு ஆட்டிசக்காரரை அமெரிக்கா முழுக்க நடக்கவிட்டது. இவற்றுக்கெல்லாம் மூதாதை 1988-இன் 'ரெயின் மேன்'. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாயிருந்த கிம் பீக் ஆட்டிசக்காரரே அல்லர் என்பது பிற்காலக் கணிப்பு. இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் ஆட்டிசக்காரர் மாறுவதில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து அண்ணன், அப்பா, பயிற்சியாளர் மாறுகிறார். மற்றவர் ஆன்மாவைத் துலக்கும் புளிதான் அவர். 2025-இல் வந்த 'சிதாரே ஜமீன் பர்' பத்து நடிகர்களை அந்த உலகத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. அது ஒரு அடி முன்னேற்றம். அங்கும் திருந்துவது ஆமிர்கான்தான்.

ஆகவே ஆட்டிசக்காரர்கள் சினிமாவைக் கொண்டாடுகிறார்கள் என்றால், தங்களைப் பற்றிய படங்களைக் கொண்டாடுகிறார்கள் என்று அர்த்தமல்ல. இதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். மேல்நாட்டில் அவர்கள் தேர்ந்துகொண்டது 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஸ்பாக் போன்ற, ஆட்டிசம் என்ற சொல்லே ஒட்டாத பாத்திரங்களை. மனிதர் நடுவே வேற்றுக் கிரகத்தான். உணர்ச்சி இல்லாதவன் என்று எல்லோரும் நினைக்க, உள்ளே உணர்ச்சி நிறைந்தவன். கொடுத்த படத்தை விழுங்காமல், கிடைத்த படத்திலிருந்து தனக்கு வேண்டியதைக் கிழித்தெடுத்துக்கொள்ளும் வேலை இது. வெகுஜனக் கலையின் நுகர்வோன் மந்தை என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறோமே, அந்தச் சித்தாந்தம் இங்கே உதவாது.

5

கலாச்சாரம் என்ற சொல் நண்பருக்கு உறுத்துகிறது. கூடுவதற்கு ஒரு இடம், தங்களுக்குள் புரியும் ஒரு பேச்சு, நடந்துகொள்ள ஒரு முறைமை, இவை இருந்தால் கலாச்சாரம் என்றுதானே மானிடவியல் சொல்கிறது? 1993-இல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசக்காரர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோர்களைப் பார்த்து எழுதினார். 1996 முதல் அவரும் நண்பர்களும் தங்களுக்கென்று முகாம் கூட்டினார்கள். அங்கே வண்ண அட்டை அணிந்துகொள்ளலாம். சிவப்பு என்றால் என்னிடம் பேசாதே என்று பொருள். பேசாமலிருப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. இதைவிட நாகரிகமான ஏற்பாடு ஒன்றை நம் இலக்கியக் கூட்டங்களில் நான் கண்டதில்லை. 2005 முதல் ஜூன் 18 அவர்களுடைய பெருமித தினம். ஏப்ரல் 2 ஐக்கிய நாடுகள் சபை குறித்த விழிப்புணர்வு தினம், கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுவார்கள். முதலாவதை அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இங்கே அப்படி எதுவும் இல்லை என்பீர்கள். மேலூரில் இன்னொரு பையன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சந்திக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருவன் படத்தின் பெயரைச் சொல்ல, மற்றவன் வருஷம் சொல்வான். பிறகு ஒரு பாட்டின் இடையிசையில் ஒரு பன்னிரண்டு நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, இருவரும் கைகளை உதறிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பன்னிரண்டு நொடியில் வயலின்களுக்கு அடியில் ஒரு புல்லாங்குழல் நுழைந்து விலகுவதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அவர்கள்தான். முப்பது வருஷம் கேட்டும் என் காதில் விழாத குழல்.

மதுரை ரசிகர் மன்றங்களின் ஊர். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரின் வாசலில் வளர்ந்த தலைமுறைகள் உண்டு. எண்பதுகளில் இங்கே வந்து தங்கி ரசிகர் மன்றங்களை ஆராய்ந்த சாரா டிக்கி என்ற அமெரிக்கப் பெண்மணி, 1993-இல் அதைப் புத்தகமாக்கினார். கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் ஏழைகளை நாம் ஏளனம் செய்துகொண்டிருந்தபோது, அவர்கள் அங்கே எதைப் பெறுகிறார்கள் என்று அவர் கேட்டார். ஆட்டிசக்கார ரசிகனைப் பற்றி நான் கேட்பதும் அதே கேள்விதான்.

நம்மைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1959-இல் தொடங்கிய 'எழுத்து'வின் எந்த இதழில் எந்தக் கவிதை வந்தது என்று தேதியோடு சொல்பவர்கள் நம்மில் உண்டு. செல்லப்பா புத்தகமூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக நடந்ததைக் கண்கலங்கச் சொல்கிறோம். பழைய இதழ் ஒன்றுக்காக ரயிலேறிப் போகிறவர்கள் நாம். நம் மனைவிமார்களைக் கேட்டால் புற உலகச் சிந்தனை யாருக்கு இல்லை என்று தெரியும். நம்முடையது சிரத்தை, அவனுடையது அறிகுறி என்று பிரித்தது யார்?

6

பேச்சே இல்லாதவர்கள், தன்னைத்தானே அடித்துக்கொள்பவர்கள், ஆயுள் முழுக்கத் துணை வேண்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களையும் கொண்டாடுவீரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெற்றவர்களின் தூக்கமற்ற இரவுகளை நான் தூரத்திலிருந்து பார்த்தவனல்ல. 2016-இன் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. அதில் சொன்ன உதவிகள் ஒவ்வொன்றும் வீடு வந்து சேர வேண்டும். ஆனால் உதவி கேட்பதற்கு அழுகை ஒரு முன்நிபந்தனை என்று யார் விதித்தது? பேசாத பிள்ளையும் ஒரே பாட்டை நூறு முறை கேட்கிறது. அதற்கும் ருசி இருக்கிறது. ருசி இருக்கிற இடத்தில் ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளை முதலில் ஒப்புக்கொண்ட பிறகு உதவுங்கள் என்பதுதான் என் கட்சி.

கொண்டாட்டத்தையும் வியாபாரம் விழுங்கிவிடும், சட்டையில் அச்சடித்து விற்கும் என்பது இன்னொரு ஆட்சேபம். விழுங்கும். பாரதியை விழுங்கவில்லையா? அதனால் பாரதியை விட்டுவிட்டோமா?

சிறுபத்திரிகை நண்பர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. ஒரு ஆட்டிசக்கார ரசிகன் தன் கைப்படத் தயாரித்த பட்டியல் ஒன்றை, நான்கு பக்கம், அப்படியே அச்சிடுங்கள். பரிதாப முன்னுரை வேண்டாம், டாக்டர் குறிப்பு வேண்டாம், கவிதை என்று தலைப்பிட்டு நம் பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். விமர்சனப் பகுதியில் போடுங்கள். பிழை இருந்தால் வாசகர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். அவன் பதில் சொல்வான்.