கரன்ட் போனால் மாடி சோலாரும் ஏன் ஆஃப் ஆகிறது?

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். இப்படி ஒரு புயலுக்குப் பிறகு வெயில் அடித்தாலும், ஈபி லைன் வராதவரை சாதாரண ஆன்-கிரிட் சோலார் வீட்டில் ஃபேன் சுற்றாது. பேனல் ரிப்பேரா? இல்லை. கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கான பாதுகாப்பு அது.

என்ன ஆபத்து?

சப்ளை நின்ற பிறகும் சோலார் மின்சாரம் தெரு லைனுக்குப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். 'லைன் ஆஃப்' என்று நம்பித் தொடுபவரின் உயிர் போகலாம். இதுதான் 'ஐலேண்டிங்'.

எப்படித் தடுக்கிறார்கள்?

இன்வெர்ட்டர் லைனின் வோல்டேஜையும், 50 ஹெர்ட்ஸ் அலைவரிசையையும் கண்காணித்துக்கொண்டே இருக்கும். ஐலேண்டிங் ஏற்பட்டால் 2 வினாடிக்குள் விலக வேண்டும் என்கிறது ஐ.இ.இ.இ. 1547 தரவிதி.

அப்புறம் என்ன சிக்கல்?

துணைமின் நிலைய ரிலேக்கள், மின்சாரம் ஒரே திசையில் வரும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டவை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் கிடைப்பதால் மாடிக்கு மாடி சோலார் வருகிறது. ஒரே ஃபீடரில் சோலார் அதிகமானால் அந்தக் கணக்கையும் மாற்றியாக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது?

கரன்ட் கட்டிலும் சோலார் வேண்டுமென்றால், லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொள்ளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. ஈசிஆர் ரிசார்ட் ஜெனரேட்டருக்கும் இதே விதிதான்: சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டக் கூடாது.